புதுச்சேரியில் ஒரே ஒரு மாலைப்பொழுது: வயதான அம்மாவுடன் நடந்து பார்க்க எந்த வழி நல்லது?

கொள்ளிடக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு இரண்டாம் நாள் நடக்கவிருக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நாங்கள் மூவர் திருச்சியிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறோம். முதல் நாள் பிற்பகலிலேயே வந்து சேர்ந்துவிடுவோம். தங்கும் இடம் ரயில் நிலையத்துக்கு அருகில். மறுநாள் முகூர்த்தம் முடிந்த கையோடு ஊர் திரும்ப வேண்டியிருப்பதால், அந்த முதல் நாளில் மாலை நான்கு மணி முதல் இரவு எட்டரை மணி வரையிலான நேரம்தான் ஊரைப் பார்க்க எங்களுக்குக் கிடைக்கிறது.

என்னுடன் வருபவர்கள் என் அம்மாவும் மகளும். அம்மாவுக்கு வயது 68. அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். பாரதியார் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு. முழங்கால் வலி இருப்பதால் ஒரே மூச்சில் அரைமணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. நடுநடுவே உட்கார இடம் கிடைத்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்துவிடுவார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பழைய கட்டடங்களைப் பார்த்து வரைவதில் ஆர்வம் உள்ளவள்.

தேடிப் பார்த்ததில் மஞ்சள் சுவர்களின் முன் நின்று எடுத்த படங்களும் உணவகப் பெயர்களும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. காரில் போய் இறங்கி ஏறிப் பார்ப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. எங்கே தொடங்கி, எந்தத் தெருக்கள் வழியாகப் போய், எங்கே முடிக்கலாம்? சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க எந்த இடம் ஏற்றது என்று மகள் கேட்கிறாள். அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைசியாள் வீதி

வணக்கம். முதலில் உங்கள் மகளின் கேள்வி. புதுச்சேரிக் கடல் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். ஆனால் அவளுக்கு அதைவிட நல்ல காட்சி ஒன்று காத்திருக்கிறது. நீங்கள் நடக்கப்போவது தைப்பூசத்துக்கு மறுநாள் மாலை, அதாவது பௌர்ணமிக்கு அடுத்த நாள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டி எழும் நிலவு, அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதித்து எழும். எனவே ஏழு மணியை ஒட்டிக் கடற்கரையில் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருந்தால், வானம் நன்றாக இருண்ட பிறகு, சிவந்த பெரிய நிலவு நீரிலிருந்து மேலே வருவதைப் பார்க்கலாம். உங்கள் மாலைப்பொழுதின் திட்டத்தை இந்த ஒரு காட்சியை முடிவாக வைத்துக்கொண்டு, பின்னிருந்து முன்னாக அமைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் மிகப் பலர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அந்த வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் இந்தத் தெருக்களின் ஒழுங்கைப் பிரெஞ்சுக்காரர் மட்டுமே தந்ததாகவும் நினைக்க வேண்டாம். 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் தீட்டிய நகரத் திட்டத்துக்கும் அதில் பங்குண்டு. இந்த ஊரின் சிறப்பே இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வளர்ந்ததுதான். வாய்க்காலைக் கடக்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

நான் சொல்லும் வழி இதுதான். நான்கு மணிக்குத் தங்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, அருகிலேயே தெற்குப் புல்வாரில் உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பாருங்கள். 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட செந்நிறக் கோயில். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் புனிதர்களின் உருவங்கள் இருக்கின்றன. மாலை வெயில் படும் பக்கத்துக் கண்ணாடிகளின் நிறம் தரையில் விழுந்து கிடப்பதை உங்கள் மகள் விரும்புவாள். அங்கிருந்து மிஷன் வீதி வழியாக நேர் வடக்கே நடந்தால் 1791ஆம் ஆண்டைச் சேர்ந்த சம்பா கோயில் வரும். அதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் அது இடிக்கப்பட்டதை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் நெஞ்சு கனக்கும்படி எழுதி வைத்திருக்கிறார். கோயில் பின்னாளில் வேறிடத்தில் எழுந்தது. அந்தப் பிள்ளையவர்களின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் நம் ஊர் மரத்தூண்கள், மேல்தளத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பிரெஞ்சு பாணித் தூண்கள்.

நேரு வீதியைத் தாண்டி வடக்கே வந்தால் நான் என் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் வைசியாள் வீதி. இங்கே நிதானமாக நடக்க வேண்டும். வாசலில் தெருவை ஒட்டி, ஓடு வேய்ந்து மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; அது வீட்டுக்காரருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று, வெயிலில் நடந்து வருகிறவர் ஒதுங்குவதற்கும் ஆனது. அதற்கு உள்ளே ஒரு படி மேலே திண்ணை. அதற்குப் பின் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு. கதவு திறந்திருந்தால் முற்றத்து வெளிச்சம் தெருவரைக்கும் தெரியும். இவ்வளவும் தமிழ் வீடு. தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தால் வளைவுச் சன்னல்கள், இரட்டைத் தூண்கள், சுண்ணாம்பில் இழைத்த பூமாலைகள்: அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டது. ஒரே சுவரில் இரண்டு ஊர்கள். இந்த வீதியின் சீரமைப்புப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்பு கிடைத்தது.

இதற்கு அடுத்துள்ள ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. அதன் பிறகு வாய்க்காலைக் கடந்து மணக்குள விநாயகர், பாரதி பூங்கா என்று போனால் ஆறேகால் மணிக்குக் கடற்கரை. மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே சொந்தம்.

நடைத்துணை

மேலே எழுதிய பெரியவர் சொன்ன செய்திகள் எதையும் நான் மறுக்கவில்லை. வாய்க்காலின் இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் பள்ளி மாணவர்களையும் அவர்களுடன் வரும் தாத்தா பாட்டிகளையும் பல ஆண்டுகளாக இந்தத் தெருக்களில் அழைத்துச் செல்கிறவள் என்ற முறையில், அவர் சொன்ன வழி உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றதன்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் தூரம் மட்டுமில்லை. மிஷன் வீதியின் நடைபாதையில் கடைப் பொருள்களும் இருசக்கர வண்டிகளும் நிற்பதால், பத்தடிக்கு ஒருமுறை சாலையில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைச் சோர்வாக்குவது தூரத்தைவிட இந்த இறக்கமும் ஏற்றமும்தான். தவிரவும், நினைவு இல்லங்கள் அலுவலக நேரத்தை ஒட்டித்தான் திறந்திருக்கும். பசிலிக்கா, சம்பா கோயில், ரங்கப்பிள்ளை வீதி என்று நின்று நின்று வந்து சேர்வதற்குள் பாரதியார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், உங்கள் அம்மா எதற்காக இந்த ஊருக்கு வர நினைத்தாரோ அதுவே கைநழுவிப் போகும். பாரதியார் வீட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், அதில் தொடங்குங்கள்.

முடிந்தால் மூன்றரை மணிக்கே ஒரு ஆட்டோ பிடித்து நேராக ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்கு வந்துவிடுங்கள். நடந்துதான் பார்ப்போம் என்று நீங்கள் எழுதியது தெரியும்; ஆனால் அம்மாவின் கால்வலு முழுவதும் பார்க்க வேண்டிய தெருக்களுக்கு மிஞ்ச வேண்டுமென்றால், பார்க்க ஒன்றுமில்லாத தூரத்தை வண்டியில் கடப்பதே சரி. வீட்டைப் பார்த்து முடித்ததும் அடுத்திருக்கும் வைசியாள் வீதியில் ஒரு சுற்று நடந்து, பிறகு நடை முழுவதையும் கிழக்கு நோக்கி மட்டும் அமைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு மேல் மேற்கு வெயில் இந்தத் தெருக்களின் நீளத்துக்கு நேராக வரும். நீங்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நடப்பீர்கள். அந்த வெளிச்சம் உங்களுக்கு முன்னே ஓடிச் சுவர்களில் படும். உங்கள் மகள் வரைவதற்கு அந்த அரைமணி நேரம் போதும். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பகுதியை இருட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. அங்குள்ள வீடுகள் உயரமான மதிலுக்குள் ஒதுங்கியவை, விளக்கு வெளிச்சத்தில் மதிலும் வாசல் கதவும் தவிர வேறெதுவும் தெரியாது.

வாய்க்காலைத் தாண்டியதும் மணக்குள விநாயகர். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இருந்த கோயில். மணல் நிறைந்த குளக்கரையில் இருந்ததால் மணற்குளம், அதுவே மணக்குளம் ஆயிற்று. இந்தப் பிள்ளையாரைப் பாடியே பாரதியார் விநாயகர் நான்மணிமாலை இயற்றினார் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சன்னதியில் நின்று ஒரு பாட்டையாவது அவர் வாய்விட்டுச் சொல்லக் கேளுங்கள். வாசலில் யானை எங்கே என்று மகள் கேட்கக்கூடும். லட்சுமி என்ற அந்த யானை 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போதே விழுந்து இறந்துபோயிற்று. அன்று இந்த ஊர் அழுததை நான் பார்த்தேன். இன்றும் வாசலைக் கடக்கும்போது அது நின்ற இடத்தைப் பார்க்காமல் போக முடிவதில்லை.

கோயிலுக்கு அருகிலேயே அரவிந்தர் ஆசிரமம். ஆறு மணிக்குள் போனால் சமாதியைத் தரிசிக்கலாம். பேசாமல் இருக்க வேண்டும், கைபேசியை அணைத்துவிட வேண்டும். பிறகு பாரதி பூங்காவில் நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கே இருபது நிமிடமாவது உட்காருங்கள். நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம்தான் புதுச்சேரி அரசின் சின்னம். ஆயி ஒரு தாசி. தன் மாளிகையை இடித்துவிட்டு முத்திரையர்பாளையத்தில் மக்களுக்குக் குளம் வெட்டித் தந்தவள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணீரைப் பிற்காலத்தில் ஊருக்குள் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுந்தது. ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகைக்கு எதிரே, அவர்களில் எவருக்கும் இல்லாமல், குளம் வெட்டிய ஒரு பெண்ணின் பெயரில் மண்டபம் நிற்பதை மாணவர்களிடம் நான் எப்போதும் நிறுத்திச் சொல்வேன்.

கொள்ளிடக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆட்டோவில் போய்ப் பாரதியார் வீட்டிலிருந்து தொடங்குவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். வைசியாள் வீதி ஐயா வருத்தப்பட வேண்டாம், பசிலிக்கா எங்கள் தங்கும் இடத்துக்கு அருகிலேயே இருப்பதால் மறுநாள் காலையில் பார்த்துவிடுகிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். கடற்கரையில் மணலில் உட்கார முடியுமா? படங்களில் கருங்கற்கள் மட்டுமே தெரிகின்றன. அம்மா கடலில் கால் நனைக்க ஆசைப்படுகிறார்.

குருசுக்குப்பம்

அந்தக் கருங்கற்களைப் பற்றி நான் சொல்கிறேன். நான் அந்தக் கடற்கரைக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பத்தில் பிறந்தவன்.

என் அப்பா சிறுவனாக இருந்தபோது கடற்கரைச் சாலைக்கு முன்னால் அகலமான மணற்பரப்பு இருந்தது. அதில் கட்டுமரங்களை இழுத்துவிட்டு வலை உலர்த்தியிருக்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கும். கரையில் ஓரிடத்திலிருந்து போகும் மணலுக்கு ஈடாகத் தெற்கேயிருந்து புது மணல் வந்து சேரும். போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். 1980களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கேயிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் தடைபட்டு அங்கேயே குவிந்தது. வடக்கே இருந்த எங்கள் கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் மணல் முழுவதும் போய்விட்டது. சாலையைக் காப்பாற்றுவதற்காகக் கற்களைக் கொட்டினார்கள். கற்கள் உள்ள இடத்தில் அலை தாங்கிக்கொள்ளப்பட்டது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து குப்பங்களின் வீட்டு வாசல் வரை வந்தது. நான் விளையாடிய மணலில் என் பிள்ளைகள் விளையாடவில்லை.

இப்போது நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் எஃகினால் ஆன ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்தது. அது அலையின் வேகத்தைக் குறைப்பதால், அதன் பின்புறமாக மணல் தங்கத் தொடங்கி, செயலகத்தை ஒட்டிய பகுதியில் மீண்டும் ஒரு மணற்கரை உருவானது. பருவத்துக்குப் பருவம் அதன் அகலம் கூடும் குறையும். அங்கே மணலில் உட்காரலாம். அம்மா ஓரமாக நின்று கால் நனைக்கலாம். ஆனால் கடலுக்குள் இறங்க வேண்டாம், முக்கியமாகக் கற்களின் மீது ஏற வேண்டாம். அந்தக் கற்களில் நீர்மட்டத்துக்கு அருகே பச்சையாகப் பாசி படிந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கால் வைத்த பிறகுதான் தெரியும். படம் எடுப்பதற்காகக் கீழே இறங்கி, கற்களின் இடுக்கில் கால் சிக்கியவர்களைத் தூக்க நானே ஓடியிருக்கிறேன். உங்கள் மகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

காந்தி சிலைக்கு அருகில் நின்று கடலைப் பார்த்தால், நீருக்குள் துருப்பிடித்து அடி மட்டும் மிஞ்சிய தூண்கள் தெரியும். அது பழைய இறங்குபாலம். 1952 புயலில் போனது. அதற்குப் பிறகு தெற்கே கட்டிய பாலமும் 2022இல் இடிந்து விழுந்துவிட்டது. சிலையைச் சுற்றி நிற்கும் கற்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றின் சிற்பங்களைத் தொட்டுப் பாருங்கள், உப்புக் காற்று முகங்களை எப்படித் தேய்த்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். எதிரே 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம். அதன் வெளிச்சத்தை அடையாளம் வைத்துக் கரை திரும்பியவர்கள் எங்கள் குப்பத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை மாசி மகத்தன்று வாருங்கள். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். அந்த ஒரு நாள் நகரமே எங்கள் குப்பத்துக்கு நடந்து வரும்.

நடைத்துணை

திரும்பும் வழியைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலைக்குள் ஆட்டோ வராது. எட்டு மணிக்குத் துய்மா வீதிக்கோ அதற்கு அடுத்த தெருவுக்கோ வந்தால்தான் வண்டி கிடைக்கும். ஆகவே நிலவைப் பார்த்த பிறகு கடற்கரையின் தென்முனைவரை நடக்க அம்மாவை வற்புறுத்த வேண்டாம். குறுக்குத் தெருவுக்குப் போகும் கால்வலு மிஞ்சியிருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை

போய் வந்தோம். நீங்கள் மூவரும் கூட நடந்ததைப் போலவே இருந்தது; அதனால் நடந்ததை எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

நான்கு மணிக்கு முன்பே பாரதியார் வீட்டில் இருந்தோம். அம்மா அதிகம் பேசவில்லை. முற்றத்தின் ஓரமாக நின்று மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு தூண் ஒன்றில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வைசியாள் வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, எதுவும் கேட்காமலே சற்று நகர்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மகள் எதிர்வீட்டின் மேல்மாடிச் சன்னலை வரைந்து முடித்துவிட்டாள். நடைத்துணை சொன்ன வெயில் சரியாக ஐந்தேகால் மணிக்கு வந்தது. வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மஞ்சள் மதிலின் மேல் காகிதப்பூக்கொடி கவிழ்ந்திருந்தது. அதன் நிழல் ஒவ்வொரு இலையாகச் சுவரில் விழுந்து, வெயில் இறங்க இறங்க நீண்டுகொண்டே போனதை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம்.

ஒரு வருத்தமும் உண்டு. எங்களால் ஆறு மணிக்குள் ஆசிரமத்துக்குப் போக முடியவில்லை. கோயிலில் கூட்டம், வரிசை நகரவில்லை. ஆனால் சன்னதியில் அம்மா நான்மணிமாலையிலிருந்து ஒரு வெண்பாவை மெல்லிய குரலில் சொன்னார். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, கடைசி அடியில் தாமும் சேர்ந்துகொண்டார்.

மணலில் உட்கார்ந்துதான் நிலவைப் பார்த்தோம். அடிவானத்தில் மேகம் இருந்ததால் எழும் கணம் தெரியவில்லை. சில நிமிடங்கள் கழித்து மேகத்தின் மேல்விளிம்பு செம்பு நிறமாகி, அதற்குள்ளிருந்து வந்தது. அம்மா கால் நனைத்தார். பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் மாலையில் வந்து நின்ற கரை எவ்வளவு தூரம் உள்ளே இருந்திருக்கும் என்று கேட்டார். குருசுக்குப்பம் நண்பர் எழுதியதை எண்ணிக்கொண்டு, நான் கடலைக் காட்டினேன்.

அம்மா உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்று. சம்பா கோயில் என்றால் சம்பா நெல்லோடு தொடர்பா? கடற்கரையில் ஒரு வெள்ளைக் கட்டடத்தை எல்லோரும் ‘மேரி’ என்கிறார்களே, அது மாதா கோயில் போலத் தெரியவில்லையே? புல்வார் என்பது எந்த மொழிச் சொல்? தமிழாசிரியர் அல்லவா, விடை தெரியாமல் தூங்க மாட்டேன் என்கிறார்.

வைசியாள் வீதி

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நடைத்துணை சொன்ன வழியே உங்களுக்குச் சரியான வழி. நான் உங்கள் அம்மாவின் முழங்காலை மறந்து என் தெருவை மட்டும் நினைத்துவிட்டேன்.

சம்பா, நெல்லன்று. சேசு சபைப் பாதிரியார்களின் பழைய கோயில் புனித பவுலின் பெயரோடு வழங்கியது. சான் பாவுலோ என்று அவர்கள் சொன்னதை நம்மவர் சம்பா என்று கேட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையும் சம்பாக் கோயில் பாதிரிகள் என்றே எழுதுகிறார். அதைப் போலவே, துய்மா வீதியில் 1855ஆம் ஆண்டில் கட்டிய தேவதூதர்களின் அன்னை ஆலயத்தை ஊரில் கப்ஸ் கோயில் என்போம். கப்புச்சின் துறவிகள் என்பதன் சுருக்கம் அது. புல்வார் பிரெஞ்சுச் சொல், மரங்கள் நிழல் தரும் அகலச் சாலை என்று பொருள். பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் சாலைகளுக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுகிறவர்களைச் சொல்தா என்பதும் அந்த மொழியில் சிப்பாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மேரி என்பது மாதாவின் பெயரன்று. பிரெஞ்சில் நகராட்சி மன்றக் கட்டடத்தை அப்படித்தான் சொல்வார்கள். 1870களின் தொடக்கத்தில் கட்டியது. 2014 நவம்பரில் பெய்த பெருமழையில் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. அன்று நான் குடையோடு போய் அந்த இடிபாட்டின் முன் நின்றேன். நீங்கள் பார்த்தது, அதே இடத்தில் அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021இல் திறந்த கட்டடம்.